பின் சுவருக்கு அந்தாண்ட

ஸ்நேஹா, இதைப் படித்ததும் உடனே அழித்துவிடு. திங்கட்கிழமை ஸ்கூலில் என்னிடம் எதுவும் கேட்காதே. நான் சாதாரணமாக இருப்பேன், நீயும் இரு.

புயல் அன்றைக்கு எங்கள் வீட்டு வேலைக்கு வரும் டயானாக்காவின் புருஷன் தண்ணீரில் செத்துப்போனார் என்று சொன்னேன் இல்லையா? வாட்ச்மேன் லூர்துசாமி மோட்டார் குழாயைப் பின் சுவருக்கு மேலே போட்டுவிட்டார், அதனால்தான் என்றும் சொன்னேன். நீகூட, 'இவங்களுக்கெல்லாம் மூளையே கிடையாதுடி' என்று அனுப்பியிருந்தாய்.

அந்தக் குழாயைப் போட்டது நான்.

இன்றைக்குச் சாயங்காலம் அதே பொய்யை டயானாக்காவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் லூர்துசாமியைத் தேடிக்கொண்டு ஆட்கள் போகப்போகிறார்கள். அதற்குள் யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். அம்மா அப்பா தூங்கிவிட்டார்கள். நான் போர்வைக்குள்ளிருந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எங்கள் அபார்ட்மெண்டுக்கு வந்திருக்கிறாய். என் பிறந்தநாளுக்குக் காகிதப்பூக் கொடிக்கு முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்தோமே, அதுதான் பின் சுவர். கொடிக்குள்ளே கண்ணாடிச் சில்லும் முள்கம்பியும் இருப்பது ஃபோட்டோவில் தெரியாது. பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லா ஃப்ளாட்டுக்கும் பால்கனி கடல் பக்கம். பின் பக்கம் இருப்பதெல்லாம் பாத்ரூம் ஜன்னல்கள், பால் கண்ணாடி போட்டவை.

புயல் அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு அம்மா டயானாக்காவுக்கு ஃபோன் செய்தாள். கடல் காற்றில் மழை பால்கனிக் கதவுக்கு அடியில் புகுந்து ஹால் முழுக்கத் தண்ணீர்.

"டயானா, சோஃபா எல்லாம் நனையுது. ஒரே ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிரு."

டயானாக்கா தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று புடவையைப் பிழிந்தாள்.

"அம்மா, எங்க வூட்டாண்ட முட்டி வரைக்கும் தண்ணி நிக்குது. அவரு கட்டில்ல கீறாரு. காத்துல கதவு நிக்கல, பூட்டிக்கினு வந்துட்டேன். எங்க குப்பத்துப் பசங்க ஒரு மணிக்கு வந்து அவர முகாம் போட்ட ஸ்கூலுக்குத் தூக்கினு போறேன்னு சொல்லிக்கீறாங்க. அதுக்குள்ள நான் போயிடணும்."

அவள் புருஷன் ஏசுராஜுக்கு ஒரு பக்கம் கையும் காலும் வராது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், மூன்று வருஷமாகப் படுக்கைதான். இது எனக்குத் தெரியும். அவரை நான் பார்த்ததில்லை.

"கட்டில்லதானே இருக்காரு, எங்க எந்திரிச்சுப் போயிரப் போறாரு?" என்று அம்மா சிரித்தாள். "பால்கனிய முதல்ல பாரு."

டயானாக்காவும் சிரித்தாள். துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

பத்தரை மணிக்கு அப்பா என்னைக் கீழே கூப்பிட்டார். பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் புது காரைச் சரிவின் பாதிவரை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மேல் ஏற்றினால் ரோட்டு வெள்ளம். என் எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் ஃபுட்போர்டு வரை தண்ணீர் வந்திருந்தது. நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். நிஜமாகவே அழுதேன், ஸ்கூட்டருக்காக.

அப்பாதான் அசோசியேஷன் செயலாளர் என்று உனக்குத் தெரியும். போன பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் வாங்கிய டீசல் மோட்டார் ஒன்று இருக்கிறது, தொடைத் தண்டிக்கு நீலக் குழாயோடு. அதை வழக்கமாக முன் கேட் வழியாக ரோட்டுக்கு விடுவார்கள். அன்றைக்கு ரோடே நிரம்பிவிட்டதால் இறைத்த தண்ணீர் அப்படியே சரிவில் திரும்பி வந்தது.

"பொறத்தால போட்டுருவோம்" என்றார் அப்பா. "சொவருக்கு மேல."

லூர்துசாமி குழாயைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார். இடுப்பு வரை நனைந்திருந்தார். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வருகிறவர், பஸ் இல்லாததால் முந்தின நாளிலிருந்தே டூட்டியில் இருந்தார்.

"சார், அந்தாண்ட வூடுங்க கீது சார். சுவர ஒட்டினாப்லயே. நான் அங்கதான் டீ குடிக்கப் போவேன். ஏற்கெனவே தண்ணி நிக்குது."

"மழைக்கு எல்லாவனும் ஸ்கூலுக்குப் போயிருப்பான்வே. காலி வீட்டுக்குள்ள தண்ணி போனா ஒனக்கு என்ன?"

"அல்லாரும் பூட்டாங்களான்னு ஒரு எட்டு பாத்துனு வந்துட்றேன் சார். சுத்திக்கினு போவணும், இருவது நிமிசம்."

"இருபது நிமிசத்துல கார் முங்கிரும். ஏறுதியா இல்லியா?"

"கை வரல சார்."

"அப்பம் நவுரு." அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீதான் வெயிட் இல்லாம இருக்க. ஜெனரேட்டர் மேடைல ஏறு. குழாய் நழுவாம இருக்கக் கட்டணும், மேல போயி ஒரு கயிறு எடுத்துட்டு வா."

லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி ஓடினேன். கயிறு எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. என் ரூம் கதவுக்குப் பின்னால் ஸ்கிப்பிங் கயிறு தொங்கியது. இளஞ்சிவப்புக் கைப்பிடி, அதில் நெயில் பாலிஷால் நான் போட்ட பூ. அதை எடுத்துக்கொண்டு ஹாலைத் தாண்டும்போது டயானாக்கா முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, இந்த மழைல ஸ்கிப்பிங் ஆடப் போறியா?"

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பின்னால் அவள் சிரிப்பது கேட்டது.

மேடையில் ஏறி, கண்ணாடிச் சில்லின் மேல் வாசல் மிதியடியைப் போட்டு எட்டிப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. சுவரை ஒட்டியே வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள். கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. கூரைகளுக்கு நடுவே தண்ணீர். ஒரு கூரை மேல் கோழி ஒன்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. எனக்கு நேர் கீழே இருந்த கூரையில் ஷீட் உடைந்த இடத்தில் மஞ்சள் விரிப்பு ஒன்றைப் போட்டு மேலே செங்கல் வைத்திருந்தார்கள். சூரியகாந்திப் பூ போட்ட விரிப்பு. நம்ம வீட்டு டைனிங் டேபிளில் இருந்தது மாதிரியே இருக்கே என்று நினைத்தேன்.

அவ்வளவுதான் நினைத்தேன். அந்த விரிப்பை அம்மா போன தீபாவளிக்கு யாரிடம் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும், ஸ்நேஹா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் டயானாக்கா தினமும் இருபது நிமிஷம் நடந்து வருகிறவள். மழை நாளில் லேட்டாகும் என்பாள். அவள் வீடு எங்கேயோ தூரத்தில் என்றுதான் இருந்தது. முன்பு சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்ததாம், கண்டவர்களும் வருகிறார்கள் என்று அடைத்துவிட்டார்களாம். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும்.

"அப்பா, வீடு மாதிரி இருக்குப்பா."

"ஆளு இருக்கா?"

"தெரியல."

"அப்பம் கட்டு."

முள்கம்பியின் இரும்புக் கம்பத்தோடு சேர்த்துக் குழாயைக் கட்டினேன். மூன்று முடிச்சு. அப்பா மோட்டாரைப் போட்டார். குழாய் உயிர் வந்த மாதிரி துள்ளியது, அப்புறம் நின்றது. அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் தகரக் கொட்டகையில் கல் கொட்டுவது போல இருந்தது. லூர்துசாமி கேட் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பேஸ்மெண்டில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. ஸ்கூட்டரின் சக்கரம் வெளியே வந்ததும் நான் கை தட்டினேன். இரண்டாவது மாடி அங்கிள் ஒருத்தர் அப்பாவிடம், "சார், உங்க பொண்ணு சூப்பர் சார்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து கத்தினார்கள். மோட்டார் சத்தத்தில் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை. அப்புறம் ஒரு கல் வந்து விழுந்தது. இன்னொன்று. ஒரு கல் காரின் பின் கண்ணாடியில் பட்டது.

"பாத்தியா? மழையிலயும் குடிச்சிட்டு ரவுடித்தனம்" என்று அப்பா கத்தினார். "இதுக்குத்தான் சொவர ஒசத்தணும்னு மீட்டிங்ல சொன்னேன்."

லூர்துசாமி ஓடி வந்தார். "சார், மோட்டார நிறுத்து சார். யாரோ பேர் சொல்லிக் கூவறாங்க சார்."

"கல்லெறிஞ்சா நிறுத்தணுமா? நாளைக்கு இவனுவ கேட்ட ஒடச்சிட்டு உள்ள வருவானுவ."

கடைசியில் யாரோ அந்தப் பக்கம் ஏறிக் குழாயைப் பிடித்து இழுத்தார்கள். கட்டு நழுவி, குழாய் கயிற்றோடு சேர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. அப்போதுதான் அப்பா மோட்டாரை நிறுத்தினார், குழாய் போய்விடுமே என்று.

நான் மேலே வந்தேன். என்னைப் பார்த்ததும் டயானாக்கா துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"இன்னா பாப்பா இது, கோழிக்குஞ்சாட்டம் நடுங்கற." துண்டை எடுத்து வந்து என் தலையைத் துவட்டினாள். அவள் கை ஜில்லென்று இருந்தது, விரலெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது.

"கீழ ஹெல்ப் பண்ணேன்க்கா. பேஸ்மெண்ட்ல மோட்டார் போட்டாங்க."

"நல்லது பண்ண கண்ணு. வண்டி தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது."

மணி ஒன்றேகால். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். அம்மா, "அந்த மிதியடி ரெண்டயும் பிழிஞ்சு போட்டுட்டுப் போயிரு" என்றாள். பிழிந்தாள். அம்மா முந்தின நாள் சாம்பாரைக் கவரில் ஊற்றிக் கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். மறுபடியும் இருபது நிமிஷம் சுற்றிக்கொண்டு போயிருப்பாள்.

சாயங்காலம் லூர்துசாமி மேலே வந்து சொன்னார். உடைந்த ஷீட் முழுவதும் நொறுங்கி, குழாய்த் தண்ணீர் நேராக வீட்டுக்குள் விழுந்திருக்கிறது. கட்டில் உயரத்துக்கு மேல் ஏறிவிட்டது. கதவில் பூட்டு. பையன்கள் கடப்பாரை கொண்டுவந்து உடைத்தபோது அவர் கட்டிலில் இல்லை, கதவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஒரு பக்கம் வராத மனிதர், ஸ்நேஹா. கதவு வரைக்கும் வந்திருக்கிறார்.

அப்பா லூர்துசாமியை உட்காரச் சொன்னார். எங்கள் ஹால் நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நீ ஒண்ணும் பயப்படாத. கொஞ்ச நாள் வீட்ல இரு. சூடு ஆறட்டும், நானே கூப்பிடுதேன். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ, லீவு லெட்டர்தான்" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். லூர்துசாமி எதுவும் எழுதாத அந்தத் தாளில், அடியில் கையெழுத்துப் போட்டார். "வேல போவாதுல்ல சார்?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

அவர் போனதும் அப்பா என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீ இன்னைக்குக் கீழ வரவே இல்ல. மேல படிச்சிக்கிட்டு இருந்த. கேட்டியா?"

மறுநாள் அந்தத் தாளின் மேல் பகுதியில், 'செயலாளருக்குத் தெரியாமல் நானே குழாயைப் பின்னால் போட்டேன்' என்று லூர்துசாமி சொல்வது போல டைப் செய்திருந்தது. பார்க்கிங் சிசிடிவி கேமரா தண்ணீரில் கெட்டுப்போயிருந்தது. மீட்டிங்கில் எல்லோரும் அந்தத் தாளைக் கை மாற்றிப் படித்தார்கள். என்னை 'சூப்பர்' என்ற அங்கிளும் படித்தார். என்னைப் பார்த்தார், தாளை அடுத்தவரிடம் கொடுத்தார்.

டயானாக்கா பன்னிரண்டு நாள் வரவில்லை. "சாவு வீடு சரி, அதுக்காக இத்தனை நாளா?" என்று அம்மா நேற்றுதான் வேறு ஆள் தேட ஆரம்பித்தாள்.

இன்றைக்குச் சாயங்காலம் பெல் அடித்தது. திறந்தேன். டயானாக்கா. மெலிந்துபோய், கழுத்தில் ஒன்றும் இல்லாமல் நின்றாள். கையில் ஒரு கேரி பேக். அதிலிருந்து என் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தாள். சேறு போகத் துவைத்து, வீட்டில் எப்போதும் சுற்றி வைப்பாளே, அதே மாதிரி சுற்றியிருந்தாள்.

"உன்னிதுதானே பாப்பா?"

அம்மா உள்ளேயிருந்து வந்து என் தோளில் கை வைத்தாள். நகம் பதிந்தது.

"அன்னிக்கு நீ இத்த எடுத்துனு ஓடினத நான் பாத்தேன். ஆடப் போறேன்னு சொன்ன" என்றாள் டயானாக்கா. குரலில் கோபமே இல்லை. "பசங்க இந்தப் பூவப் பாத்துட்டு, யாருதோ பொம்பளப் புள்ளையிதுன்னு கத்தறானுங்க. நான்தான், இருங்கடா, நம்ம பாப்பாவ நான் கேட்டுக்கினு வரேன்னேன். அது பொய் சொல்லாது, சின்னதுலர்ந்து என் கைல வளந்ததுன்னேன். யார் பாப்பா கட்னது?"

சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. நிஜமாகத் தோன்றியது. அப்போது அவள் பின்னால், படிக்கட்டுத் திருப்பத்தில், இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. கடலுக்குப் போகிறவர்களின் கை. கைப்பிடியைப் பிடித்திருந்தார்கள்.

"வாட்ச்மேன் கேட்டாரு. நான் கயிறு மட்டும் குடுத்தேன்க்கா."

"அவன்தான் கட்னானா?"

"ஆமா."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

அவள் என் கன்னத்தைத் தொட்டு, விரலைத் தன் வாயில் வைத்து முத்தமிட்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். திரும்பி அந்த இரண்டு பேரையும் பார்த்து, "நான் சொன்னேனா இல்லியா?" என்றாள். அப்புறம் அம்மாவிடம், "அம்மா, அந்தாளு வூடு சிந்தாதிரிப்பேட்டைல எங்க கீதுன்னு தெரியுமா? அவன ஒரு வார்த்த கேக்கணும். நாளைக்கு நாயித்துக்கெழம, பசங்க தொழிலுக்குப் போவ மாட்டாங்க. பூச முடிஞ்சதும் போய்ட்டு வந்துடுவாங்க."

அம்மா உள்ளே போய் அசோசியேஷன் ரிஜிஸ்டரை எடுத்து வந்தாள். விலாசத்தை ஒரு தாளில் எழுதினாள். தெருப் பெயர், கதவு எண், பக்கத்தில் ஒரு மரக்கடை என்று அடையாளம்கூட எழுதினாள். எழுத்துப் புரிகிறதா என்று கேட்டுக் கொடுத்தாள்.

"திங்கக்கெழமையிலர்ந்து வேலைக்கு வரேம்மா" என்று சொல்லிவிட்டு டயானாக்கா என் ரூமுக்குள் போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் கயிற்றை மாட்டிவிட்டுப் போனாள்.

இப்போதும் அது அங்கேதான் தொங்குகிறது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் படுத்திருக்கிறேன்.

சாப்பிடும்போது அப்பாவிடம், "அடிப்பாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தட்டு தட்டுவானுவ. அத்தோட முடிஞ்சிரும்" என்றார் அப்பா. "நல்லதுதான். இல்லன்னா இழுத்துக்கிட்டே கெடக்கும்." அப்புறம், நான் சாப்பிடவில்லை என்று தன் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். முள் எடுத்து வைத்தார்.

லூர்துசாமியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. பார்சல் வந்தால் கூப்பிடுவாரே, அதே நம்பர். இதை உனக்கு எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் கூப்பிட்டேன், ஸ்நேஹா. வீட்டில் இருக்காதீங்க, காலையில் எங்கேயாவது போயிடுங்க என்று மட்டும் சொன்னால் போதும். வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். ஒரே ரிங்கில் எடுத்துவிட்டார்.

"பாப்பா! சொல்லு பாப்பா." டிவி சத்தம் கேட்டது. யாரையோ, "சத்தத்தக் கம்மி பண்ணு, அபார்ட்மெண்ட்லர்ந்து கூப்டறாங்க" என்றார். குரல் அப்படியே மலர்ந்துவிட்டது. "இன்னா, ஐயா என்னிய வேலைக்கு வரச் சொன்னாரா? நாளைக்கே வந்துடட்டா?"

நான் வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்பார். யார் தேடுகிறார்கள் என்று கேட்பார். நீதானே கட்டினே பாப்பா, அதைச் சொல்லவில்லையா என்று கேட்க மாட்டார், ஆனால் அவருக்குத் தெரியும்.

பால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீழே யாரோ தகரத்தை ஆணி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கூரை போடுகிறார்கள் போல.

"இல்ல அண்ணா, தெரியாம கை பட்டுருச்சு" என்றேன்.

"பரவால்ல பாப்பா. ஐயா கைல சொல்லு, நான் வூட்லயேதான் கீறேன், எங்கயும் போவலன்னு" என்றார்.

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.